கையில் ஒரு நாள்: எந்தப் போர்க்களத்துக்குப் போவது? வாட்டர்லூ, ஈப்பர், வெர்டன், நார்மண்டி ஓர் ஒப்பீடு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ ஐரோப்பா போகும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டோம். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த போர்க்களங்களில் ஒன்றையாவது நேரில் பார்க்க ஆசை. எதைத் தேர்ந்தெடுப்பது?"

இவர்களின் பட்டியலில் பெரும்பாலும் நான்கு பெயர்கள் இருக்கும். நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ. முதல் உலகப் போரின் ஈப்பர், வெர்டன். இரண்டாம் உலகப் போரின் நார்மண்டிக் கடற்கரை. வாட்டர்லூவும் ஈப்பரும் பெல்ஜியத்தில் உள்ளன, மற்ற இரண்டும் பிரான்சில். ஒரே ஷெங்கன் விசாவில் நான்குக்கும் போகலாம். முயன்றால் எதையும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் அந்த "முயன்றால்" என்பதன் விலை இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த விலையைக் கேட்டு யோசிக்காமல் கிளம்பியவர்கள் பாதி நாளைப் பேருந்து நிறுத்தத்தில் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, போரின் தடயம் மண்ணில் இன்னும் இருக்கிறதா என்பது. சில இடங்களில் அருங்காட்சியகம் மட்டுமே மிஞ்சியிருக்கும். சில இடங்களில் தரையே சாட்சி சொல்லும்.

இரண்டாவது, கார் இல்லாமல் போய்வர முடியுமா என்பது. நம்மவர்களில் பலருக்கு முடிவைத் தீர்மானிப்பது இதுதான். வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாதவர், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துவராதவர், தானியங்கி கியர் வண்டிதான் வேண்டும் என்பவர் ஆகிய எல்லோருக்கும் வாடகைக் கார் என்பது பணத்தோடு பதற்றத்தையும் சேர்த்துக் கேட்கும் ஏற்பாடு.

மூன்றாவது, போவதற்கு முன் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது. நான்காவது, கூட வருபவர்கள் யார் என்பது. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் பத்து வயதுப் பையனுக்கும் ஒரே இடம் பொருந்தாது.

ஐந்தாவதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். அந்த இடம் யாருடைய சாவைக் கணக்கில் எடுக்கிறது? வென்றவர்களை மட்டுமா, தோற்றவர்களையும் சேர்த்தா, ஆயுதமே ஏந்தாத ஊர்மக்களையும் சேர்த்தா? ஒரு போர்க்களத்துக்குப் போவது தளபதிகளின் வியூகத்தைப் பாராட்ட மட்டும்தான் என்றால் அதற்கு வரைபடமே போதும். அங்கே செத்தவர்களைப் பற்றி அந்த மண் என்ன சொல்கிறது என்று கேட்கப் போனால்தான் பயணத்துக்குப் பொருள் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் தீர்ப்புகளில் இந்தச் சாய்வு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

## வாட்டர்லூ: ஒரு பார்வையில் முழுப் போரும்

1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரவு கொட்டிய மழையில் நிலம் சேறாகிக் கிடந்ததால் நெப்போலியன், பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டுப்படையைத் தாக்க முற்பகல் வரை காத்திருந்தார். பிற்பகலில் வெலிங்டனுக்குத் துணையாகத் தளபதி பிளூஹரின் பிரஷ்யப் படை கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள வயல்வெளியில் மூன்று படைகளையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மோதினார்கள். ஒரே நாளில் இறந்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் ஐம்பதாயிரத்தை நெருங்கினார்கள்.

இவ்வளவு பெரிய நிகழ்வு இவ்வளவு சிறிய இடத்தில் நடந்ததுதான் வாட்டர்லூவின் பெரிய வசதி. சிங்கமேடு எனப்படும் செயற்கைக் குன்றின் 226 படிகளை ஏறி நின்றால் போர் முழுவதும் காலடியில் விரிகிறது. வலப்புறம் ஊகுமோன் பண்ணைவீடு, நடுவில் லா ஏ சாந்த் பண்ணை, எதிர்ச்சரிவில் நெப்போலியனின் படை நின்ற இடம். வேறு எந்தப் பெரிய போரையும் இப்படி ஒரே இடத்தில் நின்று புரிந்துகொள்ள முடியாது. 1914-லேயே பெல்ஜிய அரசு இங்கே கட்டடம் எழுப்பத் தடைச்சட்டம் கொண்டுவந்தது. வயல் இன்றும் வயலாகவே இருப்பதற்கு அதுவே காரணம். குன்றின் அடியில் 2015-இல் திறக்கப்பட்ட நிலவறை அருங்காட்சியகமும், 1912-இல் வரையப்பட்ட 110 மீட்டர் நீள வட்ட ஓவியமும் இருக்கின்றன. சிறுவர்களுக்கு அந்த ஓவியம் மிகவும் பிடிக்கும்.

மறைந்திருக்கும் குறைகளுக்கு வருவோம். பார்வையாளர்கள் ஏறி நிற்கும் அந்தக் குன்றே போர்க்களத்தைச் சிதைத்து எழுப்பப்பட்டது. தன் மகனான ஆரஞ்சு இளவரசர் காயம்பட்ட இடத்தைக் குறிக்க நெதர்லாந்து அரசர் கட்டளையிட, வெலிங்டன் தன் படையை மறைத்து நிறுத்திய மேட்டின் மண்ணையே வெட்டி 1826-க்குள் குன்றாகக் குவித்துவிட்டார்கள். போரின் போக்கைத் தீர்மானித்த மேடு இன்று பாதி இல்லை. தன் போர்க்களத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று வெலிங்டனே பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அதைவிடப் பெரிய குறை, இங்கே சாதாரண வீரர்களின் கல்லறைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இறந்தவர்களின் பற்கள் பொய்ப்பற்கள் செய்யப் பிடுங்கப்பட்டன. எலும்புகள் பின்னர் தோண்டப்பட்டு உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் விற்கப்பட்டிருக்க வேண்டும் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருநூறு ஆண்டுகளில் முழுமையாகக் கிடைத்த எலும்புக்கூடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று அந்த அருங்காட்சியகத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் வராதீர்கள். தளபதிகளின் பெயரால் நிரம்பிய இடத்தில் சிப்பாய்க்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

போவது எளிது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாட்டர்லூ என்ற பெயருள்ள நிலையத்தில் இறங்க வேண்டாம். போர்க்களம் அதற்கடுத்த ஊரான பிரேன் லலூ எல்லைக்குள் இருக்கிறது. அங்கே இறங்கினால் தூரம் குறைவு. குன்றுக்கு மின்தூக்கி கிடையாது. ஏற முடியாதவர்களுக்கு இந்தப் பயணத்தின் பாதிப் பயன் போய்விடும்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரோடு சென்னைக்கு வந்த இளம் கர்னல்தான் பிற்பாடு வெலிங்டன் ஆனவர். 1799-இல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தார். 1803-இல் அசாயேயில் மராட்டியரை வென்றார். சென்னைக் கோட்டைக்குள் வெல்லெஸ்லி இல்லம் என்ற பெயரில் ஒரு கட்டடம் இன்றும் இருக்கிறது. திப்புவை வீழ்த்திய படையில் இருந்தவரே நெப்போலியனையும் வீழ்த்தினார் என்ற நூலைப் பிடித்துக்கொண்டு போனால், பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எளிதாகிவிடும்.

## ஈப்பர்: பெயர்களின் ஊர்

ஆங்கில நூல்களில் ஈப்ரே, வைப்பர்ஸ் என்றெல்லாம் வரும் ஊர் இதுதான். ரயில் பலகையில் உள்ளூர்ப் பெயரான ஈப்பர் என்பதைத் தேடுங்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

இங்கே நடந்தது ஒரு போர் அன்று. 1914 அக்டோபர் தொடங்கி 1918 வரை இந்த ஊரைச் சுற்றித் திரும்பத் திரும்பப் போர் நடந்தது. 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர்கள் மேற்குப் போர்முனையில் முதன்முறையாகப் பெரிய அளவில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது இங்கேதான். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை பாஷண்டேல் மேட்டுக்காகச் சேற்றில் நடந்த மூன்றாம் ஈப்பர் போரில் நேச நாடுகள் முன்னேறிய தூரம் எட்டு கிலோமீட்டர் அளவுதான். இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் நான்கைந்து லட்சம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்த மேட்டைச் சில நாட்களில் பிரிட்டிஷார் விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு டைன் காட் கல்லறைக்குப் போங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் உலகிலேயே பெரியது அது. ஏறத்தாழ 12,000 கல்லறைகள். அவற்றில் 8,300-க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. பின்சுவரில் உடல் கிடைக்காத ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்கள்.

ஊருக்குள் இருக்கும் மெனின் வாயிலில் அதையும் தாண்டிய எண்ணிக்கை, 54,000-க்கும் மேல். வாயில் இன்று நிற்கும் இந்த இடத்தின் வழியாகத்தான் வீரர்கள் களத்துக்கு நடந்து போனார்கள். 1927-இல் நினைவுச்சின்னமாகத் திறக்கப்பட்டது. 1928-லிருந்து ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி உள்ளூர்க்காரர்கள் எக்காளம் ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் மட்டும் இந்தச் சடங்கு இங்கிலாந்தில் நடந்தது. 1944 செப்டம்பரில் போலந்துப் படை ஊரை மீட்ட அன்று மாலையே இங்கே மறுபடி தொடங்கிவிட்டது. அரசு விழாவாக அல்லாமல் ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் நன்றிக்கடன் இது. போர் நினைவுகளில் எனக்கு இதைவிட உயர்ந்ததாக ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சுவரில் 400-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1914 செப்டம்பர் இறுதி முதல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய லாகூர், மீரட் படைப்பிரிவுகள் குளிருக்கு ஏற்ற உடைகூடப் போதிய அளவில் இல்லாமல் சில வாரங்களில் முன்னணிப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப், கர்வால், நேபாளம், வடமேற்கு எல்லைப்புறம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அக்டோபர் 31 அன்று ஈப்பருக்குத் தெற்கே ஹோலபேகயில், தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற எல்லோரும் இறந்த பிறகும் நின்று போரிட்ட குதாதாத் கான், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய வீரர். 1915 ஏப்ரல் 26 அன்று நச்சுவாயுத் தாக்குதலின் நடுவே காயம்பட்டவர்களைத் தூக்கி வந்த ஜமேதார் மீர் தஸ்த் அதே விருதைப் பெற்றார். அவருடைய சகோதரர் மீர் மஸ்த் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்புதான் ஆங்கிலேயர் படையை விட்டு ஜெர்மானியர் பக்கம் போயிருந்தார். யாருக்காக இந்தப் போர் என்ற கேள்வி அந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டாகப் பிளந்து நின்றிருக்கிறது.

ஈப்பரில் இருக்கும் குறை, பழைய ஊர் என்று நீங்கள் பார்ப்பது எதுவும் பழையது அல்ல என்பது. போரில் ஊர் தரைமட்டமானது. இடிபாட்டை அப்படியே நினைவிடமாக விட்டுவைக்க வேண்டும் என்று சர்ச்சில் விரும்பினார். ஊர்மக்கள் திரும்பி வந்து கல்மேல் கல்லாக முன்பிருந்தபடியே கட்டிவிட்டார்கள். அருங்காட்சியகம் இருக்கும் பெரிய துணிச்சந்தைக் கட்டடத்தின் வேலை 1967-இல்தான் முடிந்தது. ஊர்மக்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பதுங்குகுழிகளை அப்படியே பார்க்கலாம் என்று வருபவர்கள் ஏமாறுவார்கள். 60-ஆம் குன்று போன்ற சில இடங்களில்தான் குண்டுக்குழிகள் மிஞ்சியிருக்கின்றன.

இன்னொன்று நேரக்கணக்கு. எட்டு மணிச் சடங்கைப் பார்த்துவிட்டு பிரஸ்ஸல்ஸ் திரும்பினால் நள்ளிரவு நெருங்கிவிடும். கடைசி ரயிலின் நேரத்தை முன்பே பாருங்கள். முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். சடங்கைப் பார்க்காமல் பகலிலேயே திரும்புவதானால், ஈப்பரைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

நேரம் இருந்தால் லாங்கமார்க் ஜெர்மன் கல்லறைக்கும் போய்வாருங்கள். டைன் காட்டின் வெண்கற்களுக்கு நேரெதிராக அங்கே தரையோடு தரையாகக் கருங்கற்கள், ஓக் மரநிழல். 44,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்ட இடம், அதில் பாதிக்கு மேல் ஒரே பெருங்குழியில். தோற்றவர்களுக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதை அந்த இரண்டு கல்லறைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும்.

## வெர்டன்: மண்ணே சாட்சி

1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை, ஏறத்தாழ முந்நூறு நாட்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து ஏழு லட்சம் பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் மூன்று லட்சம் அளவில். முடிவில் போர்முனை ஏறத்தாழ தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது.

முதல் அளவுகோலில் வெர்டனை மிஞ்ச எதுவும் இல்லை. குண்டு விழுந்து விழுந்து அலையலையாகப் புரண்ட நிலம் நூறு ஆண்டுக்குப் பிறகும் சமமாகவில்லை. வெடிக்காத குண்டும் நச்சும் நிறைந்த மண்ணில் இனி உழவே முடியாது என்று அரசு முடிவெடுத்து மரம் நட்டது. அந்தக் காட்டுக்குள் ஃப்ளூரி என்ற ஊர் இருந்தது. நானூறு பேர் வாழ்ந்த சிற்றூர். அந்தக் கோடையில் பதினாறு முறை கைமாறி, கடைசியில் ஒரு செங்கல்கூட நிற்காமல் போனது. அங்கே இப்போது தெருக்கள் இருந்த இடத்தில் ஒற்றையடிப் பாதைகள். ரொட்டிக்கடை இருந்த இடம், கொல்லன் பட்டறை இருந்த இடம் என்று சிறு குறிகள் மட்டும். இப்படி அழிந்த ஊர்கள் ஒன்பது. அவற்றில் ஆறு மீண்டும் கட்டப்படவே இல்லை. ஆளே இல்லாத அந்த ஆறு ஊர்களுக்கு இன்றும் அரசு ஒரு மேயரை நியமிக்கிறது. அந்த ஊர்கள் இருந்தன என்பதைச் சட்டம் மறக்க மறுக்கிறது.

தூமோன் எலும்பு மாளிகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1932-இல் திறக்கப்பட்ட அந்த நீண்ட கட்டடத்தின் கீழே, அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன. வெளியே பின்புறம் தரைமட்டத்தில் உள்ள சிறு கண்ணாடிச் சன்னல்கள் வழியாக அவற்றைப் பார்க்கலாம். மண்டையோடுகளில் எது பிரெஞ்சுக்காரருடையது, எது ஜெர்மானியருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் உள்ளே சுவர்களில் பல்லாண்டுகள் பிரெஞ்சுப் பெயர்கள் மட்டுமே இருந்தன. 2014-இல்தான் முதன்முதலாக ஒரு ஜெர்மன் வீரரின் பெயர் பொறிக்கப்பட்டது. 1984 செப்டம்பர் 22 அன்று பிரெஞ்சு அதிபர் மித்தரானும் ஜெர்மன் சான்சலர் கோலும் கைகோத்து நின்றது இந்த மாளிகைக்கு எதிரில்தான். முன்னால் விரியும் 16,000 கல்லறைகளில் ஒரு பகுதி மெக்காவை நோக்கித் திரும்பியிருக்கும். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட முஸ்லிம் வீரர்களுடையவை அவை. காலனி நாட்டு மக்களை அடுத்தவர் சண்டைக்குக் கப்பலேற்றியதில் பிரான்சும் பிரிட்டனும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

தூமோன் கோட்டை 1916 பிப்ரவரி 25 அன்று கிட்டத்தட்டச் சண்டையே இல்லாமல் ஜெர்மானியர் கைக்குப் போனது. உள்ளே சில பத்துப் பேரே காவலிருந்தார்கள். அதைத் திரும்பப் பிடிக்க எட்டு மாதமும் பல்லாயிரம் உயிரும் ஆயின. வோ கோட்டையில் மேஜர் ரெய்னாலின் ஆட்கள் ஜூன் முதல் வாரம் தண்ணீர் இல்லாமல் இருட்டு நடைபாதைகளில் சண்டையிட்டு, தாகம் தாங்காமல் ஜூன் 7 அன்று சரணடைந்தார்கள். இரண்டு கோட்டைகளுக்குள்ளும் போகலாம். கோடையிலும் உள்ளே குளிரும், ஈரம் சொட்டும். ஒரு மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

இனி விலை. பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து மியூஸ் டிஜிவி நிலையம் வரை அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் அரை மணி. இதைக் கேட்டு மகிழ்ந்து கிளம்புபவர்கள் வெர்டன் ஊருக்குள் வந்து நின்றுவிடுகிறார்கள். கோட்டைகளும் எலும்பு மாளிகையும் ஊரிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. சுற்றுலாப் பேருந்து பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் நம்ப முடியாது. மெட்ஸ் அல்லது ரான்ஸ் நகரில் கார் எடுத்துக்கொண்டு வருவதுதான் நல்ல வழி. கார் ஓட்டாதவர்கள் வாடகை டாக்ஸியை முன்பே பேசிவைக்க வேண்டும். களத்தில் கடைகள் மிகக் குறைவு, சைவம் உண்பவர்கள் சாப்பாட்டைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுவதும் சில இடங்கள் மூடியிருக்கும்.

சிறு பிள்ளைகளை இங்கே அழைத்துவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சன்னல்களின் வழியே தெரிவது அவர்களுக்கானது அல்ல.

## நார்மண்டி: எண்பது கிலோமீட்டரில் எங்கே நிற்பது

பலருக்கு முதல் ஆசை இதுதான். 1944 ஜூன் 6, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சை மீட்க நேச நாட்டுப் படைகள் கரையிறங்கிய ஐந்து கடற்கரைகள், முதல் நாளிலேயே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். கதை எல்லோருக்கும் தெரியும், எனவே முன்படிப்பு தேவையில்லை. ஒரு நாள் பயணத்துக்கு மோசமான தேர்வும் இதுதான்.

காரணம் தூரம். மேற்கே யூட்டா கடற்கரையிலிருந்து கிழக்கே ஸ்வோர்டு கடற்கரை வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பாரிஸ் சான் லசார் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு அருகிலுள்ள பாயு நகர் வரை ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கடற்கரைக்கு மேலும் பயணம். பாரிஸிலிருந்து ஒரே நாளில் எல்லாம் காட்டும் பேருந்துச் சுற்றுலாவில் பெரும்பகுதி நேரம் சன்னலோரத்தில்தான் கழியும். போவதென்றால் பாயுவில் இரவு தங்கி, அங்கிருந்து கிளம்பும் சிறு வேன் சுற்றுலாவில் சேருங்கள். ஐந்து கடற்கரைகளையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒமாஹா கடற்கரை, அதன் மேட்டில் உள்ள அமெரிக்கக் கல்லறை, பாறைமுனையான புவான் து ஓக் மூன்றும் ஒரு நாளுக்குப் போதும். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தைப் பார்த்து ஒமாஹாவுக்குப் போங்கள். தாக்குதல் தொடங்கியது அந்த நிலையில்தான். மறைவு எதுவும் இல்லாமல் அவர்கள் ஓட வேண்டியிருந்த மணல்வெளி எத்தனை அகலம் என்பது அப்போதுதான் தெரியும்.

அமெரிக்கக் கல்லறையில் 9,380-க்கும் மேற்பட்ட வெண்சிலுவைகளும் யூத நட்சத்திரங்களும் கடலைப் பார்த்த மேட்டில் வரிசையாக நிற்கின்றன. அழகான இடம். ஜெர்மானியர் 21,000 பேர் கிடக்கும் லா கம்பே கல்லறைக்கு வருபவர்கள் அதில் சிறு பங்குதான். ஆனால் இந்தக் கரையில் அதிகம் மறக்கப்படுபவர்கள் உள்ளூர் மக்கள். நார்மண்டியை விடுவிக்கும் போரில் ஏறத்தாழ 20,000 பிரெஞ்சுக் குடிமக்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தங்களை விடுவிக்க வந்த நேச நாட்டு விமானங்களின் குண்டுகளில். கான் நகரின் பெரும்பகுதி இப்படித்தான் அழிந்தது. கடற்கரையை மட்டும் பார்த்துத் திரும்புபவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாது. கான் நினைவு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குபவர்கள் முழுக் கதையையும் அறிவார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் மட்டும் போகவே வேண்டாம். ஆண்டுவிழாக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது.

## ஒரே பார்வையில்

| | வாட்டர்லூ | ஈப்பர் | வெர்டன் | நார்மண்டி |
|---|---|---|---|---|
| எங்கிருந்து | பிரஸ்ஸல்ஸ், அரை மணி | பிரஸ்ஸல்ஸ், 2 மணி | பாரிஸ், ஒன்றரை மணி | பாரிஸ், 2 மணிக்கு மேல் |
| கார் இல்லாமல் | எளிது | ஊருக்குள் எளிது, கல்லறைகளுக்கு டாக்ஸி அல்லது சைக்கிள் | கடினம் | வேன் சுற்றுலாவில் முடியும் |
| மண்ணில் தடயம் | வயல் உள்ளது, மேடு போய்விட்டது | குறைவு | மிக அதிகம் | ஓரளவு |
| முன்படிப்பு | அரை மணிப் படிப்பு போதும் | கொஞ்சம் | நிறைய | தேவையில்லை |
| மறைமுகச் செலவு | 226 படிகள் | ஓர் இரவுத் தங்கல் | வாடகைக் கார் | ஓர் இரவு, வேன் கட்டணம் |
| சிறுவர்களுக்கு | மிகப் பொருத்தம் | பொருந்தும் | வேண்டாம் | பொருந்தும் |
| எதிர்த்தரப்பின் சாவு | கல்லறையே இல்லை | தனித்தனியே | ஒன்றாகக் கலந்து | தனித்தனியே |

## அப்படியானால் யார் எங்கே போவது

பிள்ளைகளோடு பிரஸ்ஸல்ஸில் இருப்பவர்கள், அரை நாள்தான் கிடைக்கும் என்பவர்கள் வாட்டர்லூவுக்குப் போகலாம். வியூகத்திலும் படைநகர்விலும் ஆர்வமுள்ளவர்களுக்கும் அதுதான் இடம்.

கார் ஓட்டாதவர், வயதான பெற்றோரோடு வருபவர், இந்திய வீரர்களின் தடத்தைத் தேடுபவர் ஆகியோருக்கு ஈப்பர். நான்கில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கும் என் பதில் ஈப்பர்தான். செலவு, வசதி, மனத்தில் நிற்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுவே முந்துகிறது.

ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்து, தனியாகவோ மனம் ஒத்த நண்பரோடோ போகிறவர், புறப்படுமுன் நான்கு மாலைகள் படிக்க முடிந்தவர் என்றால் தயங்காமல் வெர்டன். போரில் யார் வென்றார்கள் என்ற கேள்வியே அங்கே பொருளிழந்துவிடுகிறது. பகைவர்கள் இருவரின் எலும்பும் ஒரே குவியலில் கிடப்பதை இந்த நான்கில் வேறெங்கும் நீங்கள் பார்க்க முடியாது. அந்தக் காட்டுக்குள் நடந்த பிறகு எந்தப் போரைப் பற்றிய செய்தியையும் பழைய மாதிரிப் படிக்க முடியாது.

நார்மண்டிக்கு இரண்டு நாள் கிடைக்கும் வரை காத்திருங்கள்.

பட்டியலுக்கு வெளியே சொம், லைப்சிக் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்த சொம், காரில் வருபவர்களுக்கு ஈப்பரோடு இணைத்துப் பார்க்க ஏற்றது. 1813-இல் நெப்போலியனை நான்கு நாள் போரில் முறியடித்த லைப்சிக்கின் களத்தை நகரம் விழுங்கிவிட்டது. 91 மீட்டர் உயர நினைவுச்சின்னம் ஒன்றுதான் பார்க்க மிஞ்சியது. ஜெர்மனியில் இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் அதற்காகவே பயணம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு நாளும் ஒரு காரும் கிடைத்தால் ஈப்பரில் இரவு தங்கி, மறுநாள் காலை எல்லையைக் கடந்து பிரான்சில் உள்ள நவ் ஷாபெல் போங்கள். ஒரு மணி நேரப் பயணம். 1915 மார்ச் 10 முதல் 13 வரை இந்தியப் படைப்பிரிவுகள் முன்னின்று தாக்கிய இடம் அது. வட்டமான சுற்றுச்சுவருக்குள், உச்சியில் தாமரை விரிந்த தூண் நிற்கிறது, காவலுக்கு இரண்டு கல்புலிகள். உடல் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது, அருகில் ரயில் நிலையமும் கடையும் கிடையாது, பெரும்பாலான நாட்களில் கூட்டமும் கிடையாது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.